நத்தை தின்ற படம்

கோபாலபுரத்தில் சோதனைச்சாவடியை எடுத்த பிறகு
எடைமேடைக்கு வேலை இல்லை.
மாதம் ஆயிரத்து எண்ணூறுக்கு அதைப் பிடித்தேன்.
மை காய்ந்த மேசை,
ஏற்றினாலும் இறக்கினாலும்
நாற்பது கிலோ என்றே சொல்லும் எந்திரம்,
பரணில் மூன்று சாக்கு நிறைய நீலக் கார்பன் நகல்கள்:
கொப்பரை, வைக்கோல், கோழி, செங்கல்,
யாரோ அவசரத்தில் கிறுக்கிய வண்டி எண்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த நீலம்.
கணவாய்க்கு மேலே, மழைக்கு முந்தின மாலையில்
கால்மணி நேரம் நிற்கிற நீலம்.

லாரிக்குப் படுதா தைக்கும் உதயபானு
கிழிந்த தார்ப்பாய் ஒன்றைப் பாதி விலைக்குத் தந்தார்.
சுண்ணாம்பு பூசி,
என் வீட்டுப் பின்னால் இருந்து கருமண்ணும்
அவர் வீட்டில் கிணறு வெட்டின செம்மண்ணும்
புளியங்கொட்டைப் பசையில் குழைத்து
விரலால் இழுத்தேன்.
கருமண் காய்ந்ததும் வெடித்தது. செம்மண் வெடிக்கவில்லை.
வந்து பார்த்தவர்கள் எல்லோரும்
‘எல்லை’ என்றார்கள்.
இல்லைங்க, பசை பத்தலை என்றேன்.
நம்பவில்லை.
ஒருவர் கண் கலங்கினார்.

மூன்று வாரம்.
காற்று சாய்த்த தென்னையை வரைந்தால் அது தென்னை.
எனக்கு வேண்டியது சாய்வு மட்டும்.
நார்த்தூளைத் தூவிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன்,
மின்விசிறி வைத்தும் பார்த்தேன்
(அதை யாரிடமும் சொன்னதில்லை).
கடைசியில் இடது மேல்மூலையில்
நகல்களைக் கிழித்து மீன்செதில் மாதிரி ஒட்டினேன்.
ஒரு முழம்.
அது மட்டும் வந்தது.

சரியாக வந்த ஓரிடம்
மீதி இடத்தையெல்லாம் கெடுத்துவிடும்.
அதற்குக் காவல் நிற்கத் தொடங்கும் கை.
இரண்டு நாள் வேறெதையும் தொடவில்லை.

ஆனி முடிகிற இரவு சாரல் அடித்தது.
ஓடு ஒழுகுமென்று படத்தை
மேடை இரும்பில் சாய்த்துவிட்டுப் போனேன்.
காலையில் திறந்தால்
நத்தை.
கைமுட்டி அளவு.
மரத்தடி லாரியில் ஏறி இந்தப் பக்கம் வந்தவை,
முதுகு ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேடிச்
சுவரையே தின்கிறவை.
பதினொன்று எண்ணினேன்.
நீலம் இருந்த இடத்தில் நீலம் இல்லை.

உப்புப் பொட்டலத்தோடு ஓடி வந்தார் உதயபானு.
“தூவட்டே?”
இருங்க என்றேன்.
எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.
ஒன்று இன்னும் தின்றுகொண்டிருந்தது.
காதைக் கொண்டுபோனால் கேட்டது,
ரொம்ப தூரத்தில் யாரோ
உப்புத்தாளில் மரம் தேய்ப்பது போல.

சுண்ணாம்பு அரிபட்டுத் தார்ப்பாயின் நூல் தெரிந்தது.
அதன் மேல் மேற்கிலிருந்து கிழக்காக,
ஒரே சாய்வில்,
பதினொரு பளபளப்பு.

அழவில்லை. டீ குடித்தேன். கோபமாக இருந்தது.
நத்தை காற்றை நினைத்து ஊர்ந்திருக்காது.
பசித்தது, ஊர்ந்தது.
எனக்கும் பசிதான் இருந்தது;
அதற்கு நான் வேறு பேர் வைத்திருந்தேன்.

வாளியில் பொறுக்கிப் போட்டு எடுத்துப் போனார் அவர்.
எங்கே விட்டார் என்று கேட்கவில்லை.
உப்புப் பொட்டலத்தையும்
எடுத்துத்தான் போயிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார்கள்.
கலவை ஊடகம் என்று போட்டுவிடலாம்,
என்னென்ன என்று மட்டும் சொல்லுங்க.
தார்ப்பாய், சுண்ணாம்பு, ரெண்டு மண்,
புளியங்கொட்டைப் பசை, நார்த்தூள்.
அப்புறம்?

போனைக் காதில் வைத்தபடி
வாசலுக்கு வந்தேன்.
படிக்கட்டில் வெயில் ஏறியிருந்தது.
நத்தைகள் போன வழியில்
சுருள் சுருளாக, நூல் கனத்தில்,
காய்ந்து கிடந்தது எச்சம்.
நீலமாக.

லைன்ல இருக்கீங்களா என்றார்கள்.
நான் குனிந்து
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.